மலை வீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு: முதலில் வாட்ஸ், அடுத்து வீரேம், கடைசியில் ஃபேன்

கிராபிக்ஸ் கார்டு ஒப்பீட்டு வீடியோக்களில் வரும் எண்கள் பெரும்பாலும் சரியானவைதான். ஆனால் அவை ஏசி போட்ட சோதனை அறையில், 1000 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை) வைத்து, இன்று கிடைப்பதிலேயே வேகமான பிராசசரில் எடுக்கப்பட்டவை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு சராசரி வீட்டில் இருப்பது 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யூபிஎஸ், நாலைந்து வருடப் பழைய மதர்போர்டு, ஆடிக் காற்றில் ஏறி இறங்கும் கரண்ட். இந்த வீட்டில் எந்தக் கார்டு நன்றாக ஓடும் என்ற கேள்விக்கு அந்த வீடியோக்களின் வரைபடம் பாதிப் பதில்தான் சொல்லும். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான்.

முதலில் குளிரைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். "ஊட்டிக் குளிருக்குக் கார்டு பறக்கும்" என்பார்கள். பறக்காது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக ஏன் அவ்வளவு நேரமாகிறது? தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதே மெலிந்த காற்றுதான் கார்டின் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) வழியாகவும் போகிறது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எடை குறைந்த காற்று குறைந்த வெப்பத்தையே சுமந்து போகும்.

எண்ணாகப் பாருங்கள். ஒரு நடுத்தர இரட்டை ஃபேன் கார்டு கோயம்புத்தூரில் அறை வெப்பத்தைவிட 44 டிகிரி மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 32 என்றால் கார்டு 76. அதே கார்டு ஊட்டியில் அறையைவிட ஏறக்குறைய 50 டிகிரி மேலே நிற்கும். அறை 16 என்றால் கார்டு 66. மெலிந்த காற்று ஆறு டிகிரியைத் தின்றும், பத்து டிகிரி நமக்கு லாபம். இந்தப் பத்து டிகிரியால் வேகம் எவ்வளவு கூடும்? என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள சிறு படிகளாக வேகத்தைக் குறைக்கும். 2700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டுக்கு இரண்டு மூன்று படி என்பது ஒன்றரை சதவீதம். வினாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) 61 ஆகும், அவ்வளவுதான். உண்மையான லாபம் சத்தத்தில் இருக்கிறது: ஃபேன் மெதுவாகச் சுற்றும்.

அதனால் மலையில் இருப்பவர்கள் ஒரே சிப்பின் விலை குறைந்த இரட்டை ஃபேன் மாடலை வாங்கினால் போதும். மூன்று ஃபேன், தடித்த ஹீட்சிங்க், தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் (வேகத்தை ஏற்றியது) என்று விற்கும் மாடலுக்குக் கேட்கும் கூடுதல் பணம் சென்னையில் இருப்பவருக்காவது சத்தத்தைக் குறைத்துத் தரும். நமக்கு அந்த வேலையை மலையே செய்துவிடுகிறது. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலோ யூபிஎஸ்ஸிலோ போடுங்கள். கூடலூர் மட்டும் கொஞ்சம் வேறு. அது ஆயிரம் மீட்டர் சொச்சம்தான், வெயில் காலத்தில் அறை நன்றாகவே சூடாகும். அங்கே கூலரையும் பார்த்து வாங்கலாம்.

இனி வாட்ஸ். மலையில் கார்டை முதலில் இதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 600 விஏ என்று அட்டையில் போட்டிருக்கும் யூபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். பின்பக்க ஸ்டிக்கரில் பாருங்கள். கேம் ஓடும்போது ஐ5 12400எஃப் மாதிரி ஒரு பிராசசர் 70 வாட்ஸ், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் சேர்த்து 40 வாட்ஸ். இதோடு கார்டின் வாட்ஸைக் கூட்டி, எஸ்எம்பிஎஸ்ஸில் சூடாக வீணாவதையும் சேர்க்க 0.87-ஆல் வகுத்தால், அது சுவரிலிருந்து இழுப்பது வரும். மானிட்டருக்கு 25 சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்ஸ். மொத்தம் 285 பக்கம் வரும். 360-க்குள் நிம்மதியாக அடங்கும். ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145. மொத்தம் 320 பக்கம், பரவாயில்லை. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160, ஆர்எக்ஸ் 7600 165, பழைய ஆர்டிஎக்ஸ் 3060 170. இவை மூன்றும் 335 முதல் 350 வரை போய் யூபிஎஸ்ஸின் விளிம்பில் நிற்கும். இன்டெல் ஆர்க் பி580-க்கு 190. 370 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். கரண்ட் இருக்கும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. காற்றில் மரம் விழுந்து லைன் போன அந்த நொடியில் விளிம்பில் இருக்கும் கார்டு யூபிஎஸ்ஸை ஓவர்லோடில் தள்ளி மொத்தத்தையும் அணைத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த சேவ் ஃபைல் போகும், சில சமயம் விண்டோஸே கெடும்.

வாட்ஸ் அதிகமான கார்டுதான் வேண்டும் என்றால் 1 கேவிஏ, அதாவது 600 வாட்ஸ் யூபிஎஸ்ஸுக்கு மாறுங்கள். அல்லது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் குறையும். ஃபிரேமில் இழப்பு பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் நின்றுவிடும். எந்த யூபிஎஸ் ஆனாலும் ஐந்து நிமிடம் தாங்கினாலே பெரிது. அது சேவ் பண்ணி அணைக்கத்தான். குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும்: அறை 10 டிகிரி என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

வீட்டு இன்வர்ட்டரில் பிசி ஓட்டுபவர்கள் அதன் பின்னால் இருக்கும் சிறு சுவிட்சைக் கவனியுங்கள். சாதாரண மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாற 25 முதல் 40 மில்லி செகண்டு வரை ஆகும். கணினி எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லி செகண்டுதான். அதனால்தான் விளக்கு அணையாமலே பிசி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. யூபிஎஸ் மோடுக்கு மாற்றினால் 10 மில்லி செகண்டுக்குள் மாறிவிடும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். சாயங்காலம் ஊரே கீசரும் ரூம் ஹீட்டரும் போடும் நேரத்தில் லோ வோல்டேஜ் இருக்கும் வீடுகளில் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அங்கே ஸ்டெபிலைசரும் தேவை. 2000 வாட்ஸ் ரூம் ஹீட்டர் ஒன்றே 9 ஆம்பியர் இழுக்கும். பிசி இருக்கும் போர்டிலேயே அதைச் செருகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பெட்டியில் போட்ட எண்ணை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். "450 வாட்ஸ்" என்று பெரிதாகப் போட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று சின்னதாக எழுதியிருந்தால் அது 216 வாட்ஸ்தான். கார்டும் பிராசசரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். கார்டுக்கான 8 பின் இணைப்பே இல்லாத சப்ளையில் மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின் இணைப்பு) அடாப்டர் போட்டுக் கார்டை ஓட்டுவது பிளாஸ்டிக் உருகும் வேலை. உள்ளீட்டில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சப்ளை லோ வோல்டேஜை நன்றாகத் தாங்கும். ஆனால் சதுர அலை தரும் மலிவான யூபிஎஸ்ஸோடு அதில் சில ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். வாங்கிய அன்றே கேம் எதுவும் திறக்காமல், யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிப் பாருங்கள். பிறகு ஒரு கேமைத் திறந்து, இன்னொரு முறை.

அடுத்தது வீரேமும் (கார்டின் சொந்த மெமரி) மதர்போர்டும். இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. 8 ஜிபி கார்டில் கேம் 9 ஜிபி கேட்டால், மிச்சம் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) வழியாக மெயின் ரேமுக்குப் போய்வர வேண்டும். அந்தப் பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் தடங்கல் குறையும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600, ஆர்க் பி580 எல்லாமே எட்டு லேன் கார்டுகள்; லேன் என்பது அந்தப் பாதையில் ஒரு தடம். போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறை என்றால் எட்டு லேனில் வினாடிக்கு 16 ஜிபி பக்கம் போகும். மூன்றாம் தலைமுறை என்றால் பாதி, 8 ஜிபி. பி450, ஏ520, எச்410 போர்டுகள் மூன்றாம் தலைமுறை. ரைசன் 5 5600ஜி போட்டிருப்பவர்கள் பி550 போர்டே வைத்திருந்தாலும் அந்த பிராசசர் மூன்றாம் தலைமுறை வேகத்தைத்தான் தரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே பழைய போர்டில் எட்டு லேன், 8 ஜிபி கார்டைப் போட்டு டெக்ஸ்சரை (பரப்புகளின் பட நுணுக்கம்) அல்ட்ராவில் வைத்தால், சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தும் விளையாட்டு திக்கித் திக்கி நகரும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன் கார்டு. பழைய போர்டிலும் அதற்கு வினாடிக்கு 16 ஜிபி போகும் அகலப் பாதை கிடைக்கும்; கார்டிலேயே 16 ஜிபி வீரேம் இருப்பதால் பாதையைத் தேட வேண்டிய அவசியமும் குறைவு. பி450 வைத்திருப்பவர்களுக்கு இன்றைய தேதியில் நான் கைகாட்டும் கார்டு இதுதான். அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் விற்கிறார்கள். பெட்டியை இரண்டு முறை படித்து வாங்குங்கள்.

லேன் குறைந்தால் எவ்வளவு கெடும் என்பதற்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி தெளிவான உதாரணம். 2022 ஜனவரியில் வந்தது, 4 ஜிபி, நான்கே லேன். மூன்றாம் தலைமுறை போர்டில் வினாடிக்கு 4 ஜிபிதான். அதைப் பழைய போர்டுக்காரர்கள் எந்த விலைக்கும் தொட வேண்டாம்.

இனி நேருக்கு நேர். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 2021 பிப்ரவரியில் வந்தது; 4060 2023 ஜூனில். 1080பி-யில் 4060 ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் அதிகம், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் வீரேம் 8 ஜிபியைத் தாண்டும் கேமில் 3060 சமாளிக்கும், 4060 திணறும். 2025 மே மாதம் வந்த 5060 அதே 8 ஜிபியோடு 4060-ஐவிட இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு வேகம். மெமரியின் வேகம் வினாடிக்கு 272-லிருந்து 448 ஜிபிக்கு உயர்ந்திருக்கிறது. கொள்ளளவு மட்டும் உயரவில்லை. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களுக்கு 8 ஜிபி தாராளம், அங்கே 4060 போதும். புதிய பெரிய கேம்களை மூன்று நான்கு வருடம் விளையாடப் போகிறேன் என்பவருக்கு இன்று 8 ஜிபி கார்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆர்க் பி580-யில் 12 ஜிபி இருக்கிறது, வேகமான பிராசசரோடு 4060-க்குச் சமமாகவோ சற்று மேலாகவோ ஓடும். ஆனால் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இயக்க முடியாத போர்டில் அதன் வேகம் பாதாளத்துக்குப் போகும். அதன் டிரைவர் பிராசசரை அதிகம் வேலை வாங்கும் என்பதால் ரைசன் 5 2600 மாதிரி பழைய சிப்களோடு ஜோடி சேராது. புது போர்டுக்காரர்கள் மட்டும் பார்க்கலாம்.

பள்ளி, அலுவலகத்திலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் டெல், எச்பி பிராண்டட் பெட்டிகளில் கேம் விளையாடும் பிள்ளைகள் மலையில் நிறைய. அந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 180 முதல் 260 வாட்ஸ். கார்டுக்குத் தனி இணைப்பே இருக்காது. போர்டின் ஸ்லாட் தருவது 75 வாட்ஸ். அதற்குள் ஓடுவது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட்ஸ், குட்டையான லோ புரொஃபைல் மாடலும் உண்டு. 8 ஜிபி 3050-க்குத் தனி பவர் இணைப்பு வேண்டும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650-யும் 75 வாட்ஸ்தான், ஆனால் அதில் ரே டிரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் முதல் சில கேம்கள் அது இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கோ 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். சந்தையில் "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி" என்று மலிவாக வருவதில் பல, 2304-க்குப் பதில் 2048 ஷேடர் (கணக்கிடும் சிறு அலகு) மட்டுமே கொண்டவை. ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் தெரிந்துவிடும்.

வரைபடத்தைப் படிக்கும்போது சராசரி எஃப்பிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) முன்னால் "1 சதவீத லோ"வை (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள். சராசரி 90, லோ 35 என்ற கார்டைவிட சராசரி 78, லோ 60 என்ற கார்டு கைக்கு வழவழப்பாக இருக்கும். 60 எஃப்பிஎஸ் என்பது ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்டு. 35 என்பது 28-ஐத் தாண்டிவிடும், அந்தத் தாவலைத்தான் கண் தடங்கலாக உணர்கிறது. ஃபிரேம் ஜெனரேஷன் போட்ட எண்ணையும் போடாத எண்ணையும் ஒரே வரிசையில் வைத்தால் அது ஒப்பீடே இல்லை. நடுவில் செருகிய ஃபிரேம் படத்தை மென்மையாக்கும், மவுஸின் பதிலை வேகமாக்காது.

இரண்டு கார்டை நீங்களே சோதிப்பதாக இருந்தால், பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியூ என்ற மென்பொருள் வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். விசிங்க் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டுவது), அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்குவது), ஃபிரேம் ஜெனரேஷன் எல்லாம் அணையுங்கள். கேமை முதலில் பதினைந்து நிமிடமாவது ஓட விடுங்கள். மலையில் இந்தப் படி மிக முக்கியம், ஏனென்றால் 12 டிகிரியில் தூங்கிய கார்டு முதல் சில நிமிடம் தன் உண்மையான வேகத்துக்கு மேலே காட்டும். வெப்பம் ஒரே இடத்தில் நின்ற பிறகு, ஒரே சேவ், ஒரே பாதை, 60 வினாடி, மூன்று முறை. கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற மென்பொருள் பதிவு செய்யும். ஜிபியூ (கார்டின் முக்கிய சிப்) உபயோகம் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நீங்கள் அளப்பது கார்டை இல்லை, பிராசசரை. செகண்ட் ஹேண்ட் கார்டானால் கூடவே ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பத்தையும் பாருங்கள். ஜிபியூவைவிட 12 முதல் 15 டிகிரி அதிகம் இயல்பு. 25, 30 என்று விலகினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது.

வேகத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் கார்டைக் கொல்லும் இரண்டு விஷயங்கள் மிச்சம். ஒன்று எர்த். பாறை மண்ணில் எர்த் குழி சரியாகப் பிடிக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்தால் இன்னும் மோசம். எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கேபினெட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலில் சுருக்கென்று மட்டும் தெரியும். அந்த நிலையில் ஓடும் பிசியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் கார்டின் எச்டிஎம்ஐ போர்ட் போய்விடலாம். கேபிளை முதலில் செருகி, சுவிட்சைப் பிறகு போடுங்கள். சுருக்கென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சித்திரை இடி மழையிலும் ஐப்பசி மழையிலும் பவர் கேபிளோடு இன்டர்நெட் (லேன்) கேபிளையும் உருவுங்கள்.

இன்னொன்று ஈரம். பீரோவில் தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும் அதே வீட்டில்தான் கார்டும் இருக்கிறது. அணைத்து வைத்த கார்டின் மேல் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஸ்லாட்டில் செருகும் தங்கப் பல்லில் படலம் கட்டும், ஒரு நாள் டிஸ்பிளே வராது. கார்டைக் கழற்றி, வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போட்டால் பாதிக்கு மேல் உயிர் வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை முடியும் டிசம்பர் வரையும், விளையாடாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் பிசியை ஓட விடுங்கள். உள்ளே ஏறும் சூடே ஈரத்தை விரட்டும். ஐடிலில் கார்டு ஃபேன் சுற்றாமல் நிற்பது ஜீரோ ஆர்பிஎம், பழுது இல்லை. குளிரில் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

கீழே கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கட்டிய பிசியை மேலே கொண்டு வருவதாக இருந்தால் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால் ஸ்லாட்டின் பூட்டு உடையும், போர்டின் சால்டர் விரியும். வீட்டுக்கு வந்ததும் பிரிக்கிற ஆசை வரும், கொஞ்சம் பொறுங்கள். 20 டிகிரி, 80 சதவீத ஈரம் உள்ள அறையில் 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் தண்ணீர் கோக்கும். மார்கழி இரவில் வண்டியில் வந்த கார்டு அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் கவரைத் திறக்காமல் மூன்று நான்கு மணி நேரம், முடிந்தால் காலை வரை, அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு செருகுங்கள்.